ஏழு உறுப்பினர், ஒரு மேயர்: பிரான்சின் சிற்றூர் ஆட்சி

மார்செய் ஒரு கொம்யூன். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். தென்கிழக்கே துரோம் மாவட்டத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் ரோஷ்ஃபூர்ஷாவும் ஒரு கொம்யூன். பல ஆண்டுகளாக அங்கே கணக்கெடுப்பில் பதிவானது ஒரே ஒருவர்தான். பிரெஞ்சுச் சட்டத்தின் முன் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த உள்ளாட்சிகள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று தகுதி வாரியாகப் பிரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெரியதோ சிறியதோ, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு, மேயர் உண்டு, தனி வரவு செலவுத் திட்டம் உண்டு, தனக்கென்று ஓர் அலுவலகமும் உண்டு.

இத்தகைய கொம்யூன்கள் பிரான்சில் சுமார் 34,900 இருக்கின்றன. பிரான்சைவிட மக்கள்தொகை மிகுந்த ஜெர்மனியில் இதற்கு இணையான ஊராட்சிகள் ஏறத்தாழ 10,800 மட்டுமே; ஸ்பெயினில் எட்டாயிரத்துச் சொச்சம். பிரெஞ்சுக் கொம்யூன்களில் சரிபாதிக்கும் மேற்பட்டவை 500 பேரைக்கூட எட்டாதவை. நாட்டு மக்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அவற்றில் வாழ்ந்தாலும், நாட்டின் நிலப்பரப்பில் கணிசமான பகுதியை ஆள்பவை இந்தச் சிற்றூர்கள். எல்லா மன்றங்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் உறுப்பினர்கள் பணியாற்றுகிறார்கள். சிற்றூர்களில் வளரும் பிள்ளைக்கு மன்ற உறுப்பினர் என்பவர் தொலைக்காட்சியில் தெரியும் முகம் அல்லர். ரொட்டிக்கடைக்காரராகவோ பக்கத்து வயல்காரராகவோ அத்தையாகவோ இருப்பார்.

இவ்வளவு சிறிய அலகுகள் எப்படி உண்டாயின? பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு கிராமங்களைப் பிணைத்திருந்தது திருச்சபையின் பங்கு அமைப்பு. ஒரு தேவாலயம், ஒரு கல்லறைத் தோட்டம், ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் கூடிப் பொதுக்காரியம் பேசும் குடும்பத் தலைவர்கள் என்பதே ஊர். 1789 டிசம்பர் 14-ஆம் தேதிச் சட்டம் இந்தப் பங்குகளைப் பெரிதும் மாற்றாமல் அப்படியே அரசியல் அலகுகளாக்கியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் ஒரேயடியாகப் பிறந்தன. 1792-இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் பாதிரியார்களிடமிருந்து ஊராட்சிகளின் கைக்கு வந்தன. ஊரின் எல்லை பழையதாகவே இருக்க, அதிகாரம் மட்டும் கைமாறியது. இரண்டு நூற்றாண்டுகளாக இந்த எல்லைகளை அழிக்க முயன்றவர்கள் தோற்றதற்கு அவற்றின் வேர் இவ்வளவு ஆழமாக இருப்பதே முதற்காரணம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை அவ்வளவு எளிதாக நிலைக்கவில்லை. நெப்போலியன் 1800-இல் மேயர்களை அரசே நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1831 முதல் வசதி படைத்தோர் மட்டும் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1848-இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்கு வந்தது. ஆனாலும் மேயர் நெடுங்காலம் அரசின் ஆளாகவே இருந்தார். 1884 ஏப்ரல் 5-ஆம் தேதியின் உள்ளாட்சிச் சட்டமே இன்றைய அமைப்பின் அடித்தளம். மன்றத்தை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், மேயரை மன்றம் தேர்ந்தெடுக்கும், ஊர்க் காரியங்களை மன்றம் தன் தீர்மானங்களால் நடத்தும் என்று அது உறுதி செய்தது. பெண்கள் வாக்குரிமைக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 அன்று. அது உள்ளாட்சித் தேர்தல்தான்.

ஒரு கொம்யூனின் வாழ்வில் ஏறத்தாழ எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதன் தலைக்கணக்கு. முதல் கணக்கெடுப்பு 1801-இல் நடந்தது. 2004 முதல் முறை மாறிவிட்டது. பத்தாயிரம் பேருக்குக் குறைந்த கொம்யூன்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு குழு என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமையாக எண்ணப்படுகின்றன. பெரிய ஊர்களில் மாதிரிக் கணக்கெடுப்பு போதும். சிற்றூரிலோ ஒரு வீடுகூட விடக்கூடாது. ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் ஊராட்சியே அமர்த்திய கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போகிறார். அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். யார் எந்தப் பண்ணைவீட்டில் இருக்கிறார், எந்த வீடு கோடையில் மட்டும் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முடிவுகளைத் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்செ சரிபார்க்கிறது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இறுதியில் சட்டபூர்வ மக்கள்தொகை அறிவிக்கப்பட்டு, ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வருகிறது.

மன்றத்தில் எத்தனை இருக்கை என்பது இந்த எண்ணைப் பொறுத்தது. நூறு பேருக்குக் கீழே ஏழு உறுப்பினர். 499 வரை பதினொருவர். 1,499 வரை பதினைவர். மேயரின் படித்தொகையும் அரசு மானியமும் இந்த எண்ணைச் சார்ந்தவை; அண்மைக்காலம் வரை தேர்தல் முறையும் அப்படியே. 502 பேர் இருந்த ஊரில் ஒரு குடும்பம் வேலை தேடி வெளியேறினால் மன்றம் பதினைந்திலிருந்து பதினொன்றாகச் சுருங்கலாம். நகரத்தில் யாருக்கும் தெரியாமல் போகும் ஒரு புறப்பாடு, சிற்றூரில் ஆட்சி அமைப்பையே மாற்றிவிடுகிறது.

பல கிராமங்கள் தம் உச்ச மக்கள்தொகையைத் தொட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பிறகு ரயிலும் தொழிற்சாலையும் இளைஞர்களை இழுத்துச் சென்றன. முதல் உலகப் போர் ஏறத்தாழ 14 லட்சம் பிரெஞ்சு வீரர்களைக் கொன்றது. டிராக்டர் வந்தபின் வயலில் ஆட்களின் தேவை குறைந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. நகரங்களை ஒட்டிய கிராமங்கள் வளர்கின்றன. வெப்பமான தென்பகுதியில் ஓய்வுபெற்றோர் குடியேறுகிறார்கள். பிரிட்டன்காரர்களும் டச்சுக்காரர்களும் பழைய கல்வீடுகளை வாங்கிச் செப்பனிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் கொம்யூன் தேர்தலில் வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் ஆகலாம். மேயராகவோ துணை மேயராகவோ முடியாது. ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபோது பிரெஞ்சுக் கிராம மன்றங்களில் இருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டன்காரர்கள் 2020 தேர்தலில் நிற்கும் உரிமையை இழந்தார்கள். அவர்களில் பலர் பல ஆண்டுகள் ஊருக்கு உழைத்தவர்கள். சிற்றூர்களுக்கு அது மெய்யான இழப்பு.

மக்கள்தொகை பூச்சியமான கொம்யூன்களும் உள்ளன. 1916-இல் வெர்தன் போரில் பீரங்கிக் குண்டுகளால் தரைமட்டமான கிராமங்களில் ஆறு மீண்டும் கட்டப்படவே இல்லை. மண்ணில் புதைந்த வெடிகுண்டுகளும் நச்சும் அங்கே குடியிருப்பை முடியாததாக்கின. பெசோன்வோ, ஃப்ளூரி, ஓமோன், லூவ்மோன், குமியேர், போமோன் ஆகிய அந்த ஆறு ஊர்களையும் பிரெஞ்சு அரசு பட்டியலிலிருந்து நீக்கவில்லை. வாக்காளர்கள் இல்லாததால் மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியாக இருக்கும் பிரேஃபெ ஒவ்வொன்றுக்கும் மூவர் குழுவை நியமிக்கிறார். அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரங்கள் உண்டு. பழைய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் நினைவுச் சடங்குக்கு அங்கே கூடுகிறார்கள்.

தேர்தல் ஆறாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆயிரம் பேருக்குக் குறைந்த கொம்யூன்களில் 2020 வரை தனித்துவமான முறை இருந்தது. வாக்காளர் கையில் வேட்பாளர் பட்டியல் இருக்கும். பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறொரு வேட்பாளரின் பெயரை எழுதலாம். வாக்குகள் ஆள் ஆளாக எண்ணப்படும். 2013-க்கு முந்தைய சட்டப்படி, நிற்காத ஒருவரைக்கூட ஊரார் எழுதித் தேர்ந்தெடுத்துவிட முடியும். இந்த முறை ஊர் மனநிலையை அப்பட்டமாகக் காட்டியது. யாருக்கு எத்தனை பேர் கோடு போட்டார்கள் என்பது அன்றிரவே தெரிந்துவிடும், அதன் வடு ஆறாண்டு ஆறாது. பெண்களின் பங்கும் இதில் பின்தங்கியது. ஆணும் பெண்ணும் மாறி மாறி வரும் பட்டியல் கட்டாயமாக இருந்த பெரிய ஊர்களில் மன்றத்தில் சமநிலை வந்துவிட, சிற்றூர்களில் பெண்கள் நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை. 2025 மே மாதச் சட்டம் இந்த வேறுபாட்டை நீக்கி, 2026 மார்ச் தேர்தலிலிருந்து சிற்றூர்களுக்கும் இருபாலர் பட்டியல் முறையை விரித்தது. பட்டியல் நிரம்பாத ஊர்களுக்காக ஒரு சலுகையும் உண்டு. ஏழு இருக்கையுள்ள மன்றத்தில் ஐந்து பேர் தேர்வானாலே மன்றம் நிறைவுற்றதாகக் கொள்ளப்படும்.

அந்தச் சலுகைக்குத் தேவை இருக்கிறது. 2020-இல் நூறுக்கும் மேற்பட்ட கொம்யூன்களில் ஒரு வேட்பாளர்கூட முன்வரவில்லை. மக்கள் மிகக் குறைந்த ஊர்களில், அங்கே வீடும் நிலமும் வைத்துக்கொண்டு ஆண்டின் பெரும்பகுதியை வேறிடத்தில் கழிப்பவர்களும் சேர்ந்தே மன்றத்தை நிரப்புகிறார்கள். உள்ளூரில் வரி கட்டுபவர் அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதால் இது இயல்கிறது.

தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கூட்டத்துக்கு வயதில் மூத்த உறுப்பினர் தலைமை தாங்குவார். மேயர் ரகசிய வாக்கெடுப்பில் தேர்வாகிறார். முதல் இரு சுற்றுகளில் அறுதிப் பெரும்பான்மை வேண்டும். மூன்றாவதில் மிகுதியான வாக்கு போதும். அதுவும் சமமானால் மூத்தவருக்கே பதவி. துணை மேயர்களின் எண்ணிக்கை மன்றத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஏழு பேர் மன்றத்தில் அதிகபட்சம் இருவர். மன்றம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. என்னென்ன முடிவாயிற்று என்பது ஒரு வாரத்துக்குள் அலுவலக வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

மேயர் ஒரே நேரத்தில் இரு எசமானர்களுக்கு வேலை செய்கிறார். மன்றத்தின் தீர்மானங்களை நிறைவேற்றுபவர் என்ற வகையில் ஊருக்குக் கட்டுப்பட்டவர். பிறப்பு, இறப்புப் பதிவு, திருமணம், வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் அரசின் முகவர். பிரான்சில் சட்டப்படி செல்லும் திருமணம் மேயர் அல்லது துணை மேயரின் முன்னிலையில் நடப்பது மட்டுமே. கோயிலோ தேவாலயமோ எதுவானாலும் அது பிறகுதான். இவை போக, ஊரின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அவர் பொறுப்பு. இடிந்து விழும் நிலையிலுள்ள சுவர், வெள்ளத்தில் மூழ்கிய பாலம், குரைத்துத் தொல்லை தரும் நாய், யாரோ இரவில் கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு எல்லாம் அவர் வாசலுக்கே வரும். 2019 ஆகஸ்டில் வார் மாவட்டத்துச் சீஞ் ஊரின் மேயர் ழான்-மத்தியூ மிஷேல், சாலையோரம் இடிபாடுகளைக் கொட்டியவர்களைத் தடுக்கப் போய், அவர்களுடைய வேன் மோதி உயிரிழந்தார். அவருக்கு வயது 76. சிற்றூர் மேயரின் பாதுகாப்பும் கௌரவமும் நாடு முழுவதும் பேசப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் நிலையை மேம்படுத்தும் சட்டமும் வந்தது.

அந்தச் சட்டம் 500 பேருக்குக் குறைந்த ஊர்களின் மேயருக்கான படித்தொகை உச்சவரம்பை ஒன்றரை மடங்காக்கியது. அதன் பிறகும் அது மாதம் ஆயிரம் யூரோவை ஒட்டியே இருந்தது. பிரான்சின் குறைந்தபட்ச மாத ஊதியத்தைவிடக் குறைவு. விவசாயம் செய்துகொண்டோ, ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டோ இதைச் செய்பவர்களே மிகுதி. இது நியாயமல்ல, இளம் பெற்றோரும் வேலைக்குப் போகிறவர்களும் இப்பதவியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாததற்கு இது பெரிய காரணம்.

அலுவலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு செயலர் இருப்பார், பெரும்பாலும் பெண். வாரத்தில் சில மணிநேரம் இங்கே, மறுநாள் அடுத்த ஊரில் என்று இரண்டு மூன்று கொம்யூன்களுக்கு அவர் பொதுவாக இருப்பது வழக்கம். பட்ஜெட்டின் வரைவு, சம்பளப் பட்டியல், கட்டட அனுமதி மனு, கல்லறை நில உரிமை, வயதானவருக்கு மானியப் படிவம் நிரப்புதல் என அனைத்தும் அவர் மேசையில். மேயர்கள் மாறுவார்கள், ஊரின் நினைவைக் காப்பவர் அவரே. இப்பதவிக்கு ஆள் கிடைக்காத நெருக்கடி முற்றியபின், 2023 டிசம்பரில் தனிச் சட்டம் இயற்றி அதன் தகுதியை உயர்த்தினார்கள்.

கொம்யூனுக்குப் பணம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, நிலத்துக்கும் கட்டடத்துக்குமான சொத்து வரி; விகிதத்தை மன்றம் நிர்ணயிக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கான வரி 2023-இல் முற்றாக ஒழிந்தது. விடுமுறை வீடுகளுக்கு மட்டும் தொடர்கிறது. இரண்டாவது, 1979-இல் தொடங்கிய அரசின் பொது மானியம். இதைக் கணக்கிடும்போது ஒவ்வொரு விடுமுறை வீட்டுக்கும் ஒருவர் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறார். ஆளில்லாத வீட்டுக்கும் சாலையும் தண்ணீரும் தேவைதானே. மூன்றாவது, ஊரின் சொந்த உடைமைகள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொம்யூன்களுக்குச் சொந்தக் காடுகள் உள்ளன. மரம் விற்ற பணத்தில் பள்ளிக்கூரை மாறுவதுண்டு. சில ஊர்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று விறகு வெட்டிக்கொள்ளும் பழைய உரிமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பங்கை மன்றம் பிரித்துக் கொடுக்கிறது.

செலவில் முதலிடம் சாலைக்கும் பள்ளிக்கும். தொடக்கப் பள்ளியின் கட்டடமும் பராமரிப்பும் கொம்யூனுடையவை. ஆசிரியர் அரசு ஊழியர். நடுவில் ஊராட்சி அலுவலகம், ஒரு பக்கம் பள்ளி, மறுபக்கம் ஆசிரியர் வீடு என்று ஒரே கூரையின் கீழ் எழுப்பிய கட்டடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நாடெங்கும் நிற்கின்றன. பிள்ளைகள் குறையும்போது மூன்று நான்கு ஊர்கள் சேர்ந்து, ஓர் ஊரில் சிறுவர் வகுப்பு, இன்னோர் ஊரில் பெரியவர் வகுப்பு என்று பிரித்துக்கொள்கின்றன. இதைவிடக் கனமான சுமை தேவாலயம். 1905-இல் மதமும் அரசும் பிரிந்தபின், அதற்கு முன் கட்டப்பட்ட தேவாலயங்கள் பெரும்பாலும் கொம்யூன்களின் சொத்தாகின. நூறு பேர் வரி கட்டும் ஊர், எண்ணூறு ஆண்டுப் பழமையான கோபுரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. மாவட்டமும் மண்டலமும் அரசும் கை கொடுத்தால்தான் அது நடக்கும்.

மேயர் செலவுக்கு ஆணையிடலாம். ஊர்ப்பணத்தைத் தொட முடியாது. பணத்தைக் கையாள்வது நிதித்துறையின் கணக்காளர். ஆணையிடுபவரும் பணம் கொடுப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற இவ்விதி ஊழலுக்கு எதிரான உறுதியான தடுப்பு. பட்ஜெட்டில் துண்டு விழவும் அனுமதியில்லை. 1982-க்கு முன்பு கொம்யூனின் முடிவுகளைப் பிரேஃபெ முன்கூட்டியே தடுக்க முடிந்தது. அந்த ஆண்டின் மார்ச் 2-ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு, முடிவு அவருக்கு அனுப்பப்படும். சட்டத்துக்கு முரணாகத் தெரிந்தால் அவர் நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சிற்றூர்களின் குரல் தலைநகர் வரை கேட்கிறது. செனட்டர்களைத் தேர்ந்தெடுப்போரில் மிகப் பெரும்பான்மையினர் கொம்யூன் மன்றங்கள் அனுப்பும் பிரதிநிதிகள். அதிபர் தேர்தலில் நிற்க விரும்புகிறவர் 500 மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பம் பெற வேண்டும், கையொப்பமிடத் தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் மேயர்களே.

இத்தனை சிறிய ஊர்கள் குப்பை அள்ளுவதையோ கழிவுநீரைச் சுத்திகரிப்பதையோ தனித்தனியே செய்ய முடியாது. 1971-இல் அரசு ஊர்களை இணைக்கச் சட்டம் போட்டது, பயன் சொற்பம். பிறகு வேறு வழி பிறந்தது. ஊர்கள் ஊர்களாகவே இருக்கட்டும், வேலைகளைக் கூட்டாகச் செய்யட்டும் என்பது அது. 1992, 1999 சட்டங்கள் இந்தக் கொம்யூன் கூட்டமைப்புகளை வளர்த்தன. 2015 சட்டம் ஒவ்வொன்றிலும் பொதுவாக 15,000 பேராவது இருக்க வேண்டும் என்று நிர்ணயித்து, மலைப்பகுதிகளுக்கு விலக்களித்தது. இன்று சுமார் 1,250 கூட்டமைப்புகள் ஏறத்தாழ நாடு முழுவதையும் தழுவி நிற்கின்றன. எவ்வளவு சிறிய ஊருக்கும் அது சேர்ந்த கூட்டமைப்பின் அவையில் ஓர் இருக்கை உறுதி. ஆனால் நாற்பது ஊர்கள் சேர்ந்த அவையில் ஒற்றை வாக்குக்கு எவ்வளவு வலு? குடிநீர்ப் பொறுப்பைக் கூட்டமைப்புகளுக்குக் கட்டாயமாக மாற்றும் விதியை மலையூர்கள் பத்தாண்டு எதிர்த்தன. தங்கள் ஊற்றையும் குழாய்களையும் தலைமுறையாக அறிந்தவர்கள் தாங்களே என்பது அவற்றின் வாதம். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அவர்கள் கேட்டது நியாயமானதே.

தாமாக முன்வந்து இணையும் கொம்யூன்களுக்கு 2010 முதல் புதிய சட்ட வடிவம் உண்டு. அரசு மானியச் சலுகையும் கொடுத்தபின் 36,000-க்கு மேலிருந்த எண்ணிக்கை 35,000-க்குக் கீழே வந்தது. இணைந்தாலும் பழைய ஊர் தன் பெயரையும் அலுவலகத்தையும் ஒரு துணை மேயரையும் வைத்துக்கொள்ளலாம். இணைந்த சில ஊர்கள் பிரிந்துபோகவும் கேட்கின்றன.

பிரான்சுக்கு வெளியே இந்த அமைப்பு நட்ட வேர்களில் ஒன்று தமிழ் மண்ணில் இருக்கிறது. 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணையால் புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. பிரெஞ்சு ஆட்சி முடிந்ததிலும் அவற்றுக்குப் பங்குண்டு. 1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதிக் கொம்யூன்களின் மேயர்கள் இந்தியாவுடன் இணையத் தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய சட்டமன்ற, நகரமன்ற உறுப்பினர்கள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். 1973-இன் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் பழைய பெயரைக் காத்தது. அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகியவை புதுச்சேரியிலும், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகியவை காரைக்காலிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகத் தொடர்கின்றன. தேர்தல்தான் அரிதாகிவிட்டது. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் ஒன்று நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றது. நிர்வாகம் அதிகாரிகளின் கையில் இருந்துவருகிறது.